மீதி ஐந்து தவணை

மூவாயிரத்து எண்ணூற்று அறுபத்தைந்து ரூபாய். தானியேலுக்கு நான் தர வேண்டியது இவ்வளவுதான். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. பதினெட்டு வருஷத்துக் கடன். அதில் பதினைந்து வருஷம் அப்படி ஒரு கடன் இருப்பதே எனக்குத் தெரியாது. தெரிந்து கொடுக்கப் போனபோது அவன் வாங்கவில்லை. "எந்தக் காசு?" என்றான்.

நானும் அவனும் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பி மில்லில் எதிரெதிரே நின்று வேலை செய்தவர்கள். உலையிலிருந்து சிவப்பாக வரும் கம்பியை அவன் உருளைக்குள் விடுவான். இந்தப் பக்கம் நான் இடுக்கியால் பிடித்து, திருப்பி அவன் பக்கமே அனுப்ப வேண்டும். வந்ததை உடனே திருப்பி அனுப்பாவிட்டால் காலில் சுற்றிக்கொள்ளும். என் இடது கெண்டைக்காலில் அப்படிச் சுற்றிய தழும்பு இன்னும் இருக்கிறது.

அப்போது எனக்கு எழுத்து தெரியாது. எண்கள் தெரியும், ரூபாய் நோட்டு தெரியும், பஸ்ஸின் நிறம் தெரியும். அதை வைத்துக்கொண்டு ஐம்பது வயது தாண்டும்வரை ஓட்டிவிட்டேன். தானியேல் சர்ச்சில் பைபிள் வாசிப்பவன். சம்பளச் சீட்டு, மாத்திரை அட்டை, பையனின் ரேஷன் கார்டுத் திருத்தம் எதுவானாலும் அவனிடம் நீட்டுவேன். அவன் படித்துச் சொல்வதுதான் எழுதியிருப்பது.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம். கவரைப்பேட்டையில் எங்கள் லைன் வீடுகளில் என் மனைவி லட்சுமி இட்லி மாவு அரைத்து விற்றுக்கொண்டிருந்தாள். வெயில் காலத்தில் காலையில் அரைத்த மாவு மதியத்துக்குள் பொங்கிப் புளித்துவிடும். பாதியைக் கால்வாயில் கொட்டுவாள். கொட்டும்போது என்னைப் பார்ப்பாள்.

"கவர்மெண்ட்டு டிவி குடுக்குது. ஃப்ரிட்ஜு குடுத்தா இன்னா கொறஞ்சா போய்டும்?" என்றாள் ஒருநாள்.

அந்த ஆடியில் மில் லாரியில் வரும்போது சாலையோரம் பெரிய துணிப் பலகை கட்டியிருந்தார்கள். தானியேல் சத்தமாகப் படித்தான். "ஆடித் தள்ளுபடி. ஐம்பது சதவீதம் வரை. சுலபத் தவணை."

தள்ளுபடி என்ற சொல் எனக்குத் தெரியும். அதற்கு முந்தின வருஷம்தான், நான் முன்பு கூலிக்குப் போய்க்கொண்டிருந்த தணிகாசலம் ரெட்டியார் வீட்டில் சொசைட்டிக் கடன் தள்ளுபடி ஆனது என்று ஊருக்கே லட்டு கொடுத்தார்கள். அவர் கட்டியது போக மீதியைக் கட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதுதான் தள்ளுபடி. எனக்குத் தெரிந்த ஒரே தள்ளுபடி அதுதான்.

"அம்பதுன்னா பாதிதானே?" என்று கேட்டேன்.

"ஆமா, பாதி," என்றான் தானியேல். அவன் சொன்னதில் தப்பில்லை. நான் கேட்டதிலும் தப்பில்லை. இரண்டும் ஒன்றில்லை, அவ்வளவுதான்.

ஃப்ரிட்ஜ் எட்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு. கையில் ஆயிரத்து இருநூற்று அறுபது கட்டினேன். மீதி மாதம் எழுநூற்று எழுபத்து மூன்றாகப் பத்துத் தவணை. சிவப்பு நிற ஃப்ரிட்ஜ். அதை ஆட்டோவில் ஏற்றி, நானும் தானியேலும் இருபுறமும் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தோம். லைன் வீட்டுப் பிள்ளைகள் பின்னாலேயே ஓடிவந்தார்கள். முதல் நாள் லட்சுமி அதில் மாவு வைக்கவில்லை. ஒரு சொம்புத் தண்ணீரை மட்டும் வைத்துவிட்டு, ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் திறந்து தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

ஐந்து தவணை ஒழுங்காகக் கட்டினேன். ஆறாவது மாதம் நிறுத்திவிட்டேன். பாதி கட்டியாயிற்று, மீதி பாதி தள்ளுபடி. மில்லில் டீ குடிக்கும்போது எல்லாரிடமும் சொன்னேன். "படிச்சவன்லாம் பத்துத் தவணையும் கட்டுறான். நான் அஞ்சோட முடிச்சிட்டேன், பாத்துக்க."

கேட்டவர்கள் டம்ளருக்குள் குனிந்துகொண்டார்கள். சின்னதுரை என்ற வெல்டர் மட்டும் டீயைத் துப்பிவிட்டுச் சிரித்தான். சூடு என்று நினைத்தேன்.

எட்டாவது மாதம் தவணைக் கம்பெனி ஆள் பைக்கில் மில் வாசலுக்கே வந்துவிட்டான். நான் உலை அருகில் இருந்தேன். வாசலில் தானியேல் அவனோடு பேசிக்கொண்டிருப்பது தெரிந்தது. ஃப்ரிட்ஜைத் தூக்கிக்கொண்டு போய்விடுவானோ, உள்ளே இருபது கிலோ மாவு இருக்கிறதே என்றுதான் எனக்கு அடித்துக்கொண்டது.

இரண்டு நாள் கழித்து தானியேல் ஒரு சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தான்.

"இன்னாடா எழுதிக்கீது?"

அவன் சர்ச்சில் வாசிக்கிற குரலிலேயே வாசித்தான். "மீதி ஐந்து தவணை தள்ளுபடி செய்யப்பட்டது."

"நான் சொன்னன்ல!" என்று தொடையில் தட்டினேன்.

"சொன்ன நைனா, சொன்ன. கம்பெனியே தள்ளுனா நாம வேணாம்னா சொல்ல முடியும்?"

சீட்டைத் தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்தேன். அடுத்த மாதம் ஈஸ்டர். தானியேல் மனைவி கிரேஸ் பழைய புடவையோடு சர்ச்சுக்குப் போனாள். "இன்னா கிரேஸு, என் ஃபிரண்டு கஞ்சனா ஆயிட்டானா?" என்று நான் கிண்டல்கூடச் செய்தேன். அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு வந்த ஏழெட்டு வருஷங்களைத்தான் இப்போது அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். லைன் வீட்டில் யாருக்கு மிக்சி, ஃபேன், கிரைண்டர் வாங்க வேண்டுமென்றாலும் எங்கள் இருவரையும் கூப்பிடுவார்கள். அவன் படிப்பான், நான் பேசுவேன். கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, ரெட்ஹில்ஸ் என்று சுற்றாத கடையில்லை. தானியேலுக்கு இதில் சட்டம் உண்டு. மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமைதான் போக வேண்டும். அன்றைக்குள் இத்தனை விற்றாக வேண்டும் என்று கடைக்காரர்களுக்குக் கணக்கு இருக்கும், இறங்கிவருவார்கள். பிடித்த சாமானை முதலில் தொடக்கூடாது. அதற்குப் பக்கத்தில் இருப்பதைத் தொட்டு விலை கேட்க வேண்டும். பார்வைக்கு வைத்திருக்கும் சாமானைக் கேட்டால் ஆயிரமாவது குறையும். இலவசமாகத் தரும் டப்பாவை வாங்கக்கூடாது, அதன் விலையைக் கழிக்கச் சொல்ல வேண்டும். கடைசியாக, கூட வரும் பொம்பளை ஒருதரம் "வேணாம், போலாம்" என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடக்க வேண்டும்.

இந்தக் கடைசி வேலையில் கிரேஸை அடிக்க ஆளில்லை. ஒருமுறை பொன்னேரியில் அவள் கோபித்துக்கொண்டு நடந்த நடையில் கடைக்காரர் தெருவரை ஓடிவந்து நூற்றைம்பது குறைத்தார். திரும்பி வரும்போது அந்த நூற்றைம்பதுக்கு ஆறு பேர் உட்கார்ந்து பரோட்டா சாப்பிட்டோம். மின்சார ரயிலில் புது ஃபேன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, தானியேல் மகள் பிரின்சி அதன்மேலேயே தூங்கிப்போனாள். அப்போது அவளுக்கு ஏழு வயது இருக்கும்.

மில்லை மூடினார்கள். தானியேல் வள்ளூர் அனல்மின் நிலையத்தில் சாம்பல் அள்ளும் காண்ட்ராக்ட் வேலைக்குப் போனான். எனக்கு முதுகு போய்விட்டது. சிப்காட்டில் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி ஆனேன். வாசலில் நின்றால் வண்டி நம்பர், டிரைவர் பெயர் எழுத வேண்டும். நம்பரை எழுதிவிட்டுப் பெயரை டிரைவரையே எழுதச் சொல்வேன். எத்தனை நாள் ஓடும்? பஞ்சாயத்துப் பள்ளியில் எங்களைப் போன்றவர்களுக்கு மாலை வகுப்பு வைத்தபோது போய் உட்கார்ந்தேன். அப்போது எனக்கு ஐம்பத்து மூன்று வயது.

நர்மதா டீச்சர், "ஊட்ல பெரிய எழுத்துல எது இருந்தாலும் எடுத்துட்டு வாங்கண்ணா," என்றார். பேப்பருக்குள் வைத்து வரும் கடை நோட்டீஸ்களைக் கொண்டுபோனேன். பெரிய எழுத்து, கலர் எழுத்து. ஆக, நான் முதலில் படித்த சொல் அம்மாவும் இல்லை, ஆடும் இல்லை. தள்ளுபடி. அதற்குப் பக்கத்தில் எறும்பு மாதிரி நின்ற 'வரை'யைப் படிக்க இன்னும் நாலு நாள் ஆனது. கவரைப்பேட்டை ஸ்டேஷன் பலகையில் இத்தனை வருஷம் என் கண்ணெதிரே நின்ற அதே எழுத்துகள். அது புரிந்த அன்று எல்லா நோட்டீஸிலும் அந்த 'வரை'யைத் தேடிப் பேனாவால் வட்டம் போட்டேன்.

எழுத்து வந்ததும் ஓர் ஆசை. எனக்குப் பாதி தள்ளுபடி கொடுத்த அந்தச் சீட்டை நானே படித்துப் பார்க்க வேண்டும். தகரப் பெட்டியைத் திறந்தேன். அச்சடித்தது எல்லாம் இங்கிலீஷ். கீழே பேனாவில் தமிழில் ஒரு வரி இருந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த அந்த ஒரு சொல்லைத் தேடினேன். அது இல்லை. எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

'மீதி ஐந்து தவணை ரூ. 3865. தானியேல் கட்டியது.'

அன்றைக்கு எங்களுக்கு அது முக்கால் மாதச் சம்பளம். பாதி தள்ளுபடி என்று பதினைந்து வருஷம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறேன். ஒருநாள்கூட அவன் என்னைத் திருத்தவில்லை.

பணத்தோடு வள்ளூருக்குப் போனேன். சீட்டைக் காட்டினேன்.

"உனுக்கு எழுத்து வந்தாலும் வந்துச்சு, என்ன பேஜார் பண்ற," என்றான். "நான் அன்னிக்குப் படிச்சதுதான் அதுல எழுதிக்கீது. போ."

"தானியேல்னு எழுதிக்கீதுடா!"

"அது வேற தானியேலு."

கிரேஸிடம் கொடுக்கப் பார்த்தேன். "அவரு எனுக்குச் சொல்லவே இல்லண்ணா, நான் எப்டி வாங்கறது?" என்று அவளும் கையைக் கட்டிக்கொண்டாள். கடைசியில் தானியேல் ஒன்று சொன்னான். "இத வாங்குனா, அன்னிக்கு நான் பொய்யா படிச்சன்னு ஆவும். அதே வாயால நான் சர்ச்சுல வாசிக்கிறன்டா. உட்ரு."

மூன்று வருஷம் போனது. அந்த ரூபாயை ஒரு மாத்திரைக் கவரில் போட்டு வைத்திருந்தேன். எத்தனையோ மாசக் கடைசியில் கஷ்டம் வந்தது, அதைத் தொடவில்லை.

இந்த ஆடியில் தானியேலிடமிருந்து போன். "பிரின்சிக்குக் கல்யாணம். பத்து நாள்தான் கீது. பொன்னேரில தனி ஊடு பாத்துக்கினாங்க. ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் வாங்கித் தரன்னு சொல்லிட்டேன். வர்றியா?"

"ஆடியிலயா கல்யாணம்?"

"எங்களுக்கு ஏதுடா ஆடி? கடைக்காரனுக்குத்தான் ஆடி. அதான் ஞாயித்துக்கிழம போலாம்ன்றேன். மாசக் கடைசி."

சட்டைப் பைக்குள் மாத்திரைக் கவரை வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஜி.என்.டி. ரோட்டில் புதிதாக வந்த மூன்று மாடிக் கடை. கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. உள்ளே மார்கழி மாதிரி குளிர். தானியேலுக்கு உலை பார்த்த கண். ஒன்றில் ஆபரேஷன் ஆகிவிட்டது, இன்னொன்று மங்கல். விலைச் சீட்டின் அருகே மூக்கைக் கொண்டுபோய்ப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து, என்னைப் பார்க்காமல், "படி," என்றான்.

இத்தனை வருஷத்தில் அவன் என்னிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தேன். "ஐம்பது சதவீதம் வரை."

"வரைய படிச்சியா?"

"படிச்சேன்."

"அப்பாடா," என்றான். கிரேஸ் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

நந்தினி என்று சட்டையில் பெயர் குத்திய பெண் வந்தாள். தானியேல் பழைய சட்டப்படி, பிடித்த ஃப்ரிட்ஜை விட்டுவிட்டுப் பக்கத்து ஃப்ரிட்ஜைத் தொட்டு விலை கேட்டான். நான் நட்சத்திரக் குறிக்குக் கீழே இருந்த பொடி எழுத்துகளைப் படித்தேன். பத்து சதவீதம் கழிவு கிரெடிட் கார்டுக்கு மட்டும். எங்களிடம் ஆதார் கார்டுதான் இருந்தது.

"பழைய ஃப்ரிட்ஜ் இருந்தா எக்ஸ்சேஞ்ச்ல எடுத்துக்குவோம் அங்கிள்."

"இவன் ஊட்ல ஒண்ணு கீதும்மா. சிவப்பு. அத வேணா தூக்கினு வரட்டா?" என்றான் தானியேல்.

"அது இன்னும் ஓடுது. குடுக்க மாட்டேன்," என்றேன்.

ஃப்ரிட்ஜ் பதினெட்டாயிரத்து நானூற்றுத் தொண்ணூறு. வாஷிங் மெஷின் பன்னிரண்டாயிரத்து நானூற்றுத் தொண்ணூறு. இரண்டும் சேர்த்து எடுப்பதால் ஒரு துண்டுச் சீட்டில் விலையை எழுதி ஆயிரத்தைந்நூறு குறைத்தாள். ஃப்ரிட்ஜ் பார்வைக்கு வைத்ததாக இருந்தாலும் பரவாயில்லை என்றதும் இன்னொரு ஆயிரம். இரண்டு வருஷம் கூடுதல் வாரண்டி வேண்டுமா என்றாள். வேண்டாம் என்றோம். டின்னர் செட் வேண்டாம், கழியுங்கள் என்றோம். அவள் மேனேஜர் மோகன்ராஜைக் கூட்டிவந்தாள்.

அந்த நேரம் பார்த்து கிரேஸ், "வேணாங்க, போலாம்," என்று திரும்பினாள். முழங்கால் வலி. முன்போல வேகம் இல்லை. வாசலை அடைய ரொம்ப நேரம் பிடித்தது. மேனேஜர் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அம்மாவ உக்காரச் சொல்லுங்க சார். ரவுண்டா இருபத்தெட்டாயிரம். இதுக்குமேல ஒரு ரூபா கொறைக்க எனுக்குப் பவர் இல்ல," என்றார். அவர் சொன்னது நிஜம் என்று இருவருக்கும் தெரிந்தது. எத்தனை கடை பார்த்திருக்கிறோம்.

தானியேலிடம் இருந்தது இருபத்தைந்தாயிரம். வேனுக்கும் அதிலேயே கொடுக்க வேண்டும்.

"ஃப்ரிட்ஜ மட்டும் எடுத்துக்கலாம். மெஷின அப்புறம் பாத்துக்கலாம்," என்றான் தானியேல் மெதுவாக. கிரேஸ் தலையாட்டினாள். ஆனால் அவள் கை வாஷிங் மெஷின் மூடியின்மேலேயே இருந்தது.

நான் சட்டைப் பையைத் தொட்டேன். எடுத்து நீட்டினால் அவன் ஃப்ரிட்ஜையும் விட்டுவிட்டுப் போய்விடுவான், எனக்குத் தெரியும்.

"ஒண்ணுக்குப் போய்ட்டு வரேன்," என்று சொல்லிவிட்டு, தூணுக்கு அந்தப் பக்கம் நின்ற நந்தினியிடம் போனேன். மாத்திரைக் கவரைக் கொடுத்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவள் நோட்டுகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"பில்லுல தள்ளுபடின்னு போட முடியாது அங்கிள். சிஸ்டம் ஏத்துக்காது. பில்லுல இருபத்தெட்டாயிரம்தான் வரும்."

"பில்லு வேணாம்மா. அவனுக்கு அவ்ளோ பொடி எழுத்துத் தெரியாது. மின்னாடி ஒரு துண்டுச் சீட்டுல வெல எழுதுனியே, அதுலயே பேனாவால எழுதிக் குடு."

அவள் யோசித்தாள். பிறகு தமிழில், வட்ட வட்டமான எழுத்தில் எழுதினாள்.

நான் திரும்பி வந்து ஒன்றும் தெரியாதவன்போல நின்றேன். நந்தினி வந்தாள். "அங்கிள், உங்களுக்கு ஸ்பெஷலா ஒண்ணு பாஸ் ஆயிருக்கு," என்று சீட்டைத் தானியேலிடம் நீட்டினாள். அவன் அதைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய், தள்ளிப் பிடித்து, மறுபடி அருகே கொண்டுபோய், கடைசியில் என்னிடம் கொடுத்தான்.

"படி."

அப்போதுதான் என் முட்டாள்தனம் எனக்கு உறைத்தது. இவ்வளவு திட்டம் போட்ட நான் தொகையைப் பற்றி யோசிக்கவே இல்லை. கவரில் இருந்ததை அப்படியே எண்ணி, அப்படியே எழுதியிருந்தாள். வேறு ஏதாவது ஒரு தொகையைச் சொல்லியிருக்கலாம். நாலாயிரம் என்றோ, மூவாயிரத்துச் சொச்சம் என்றோ. தானியேலால் அன்றைக்கு அப்படிப் படிக்க முடிந்தது. அவன் சின்ன வயதிலிருந்து படிக்கிறவன். எழுத்தைத் தாண்டி வாய் போகும். எனக்கு அது வராது. எழுதியிருப்பதை மட்டும்தான் எனக்குப் படிக்கத் தெரியும்.

"சிறப்புத் தள்ளுபடி," என்று படித்தேன். "மூவாயிரத்து எண்ணூற்று அறுபத்தைந்து."

தானியேல் என் பக்கம் திரும்பினான். கிரேஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

"இன்னா நம்பரு சொன்ன?"

இன்னொரு தடவை படித்தேன்.

"அப்டியா எழுதிக்கீது?"

"அப்டித்தான் எழுதிக்கீது."

"கம்பெனி தள்ளுனதா?"

"கம்பெனிதான்."

அவன் மங்கல் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஆபரேஷன் ஆன கண்ணில் எப்போதும் தண்ணீர் வரும் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். ஆனால் அவன் துடைத்தது மற்ற கண்ணை.

"கம்பெனியே தள்ளுனா," என்றான், "நாம வேணாம்னா சொல்ல முடியும்?"

வேட்டி மடிப்பிலிருந்து பணத்தை எடுத்து இருபத்து நாலாயிரத்து நூற்று முப்பத்தைந்து எண்ணிக் கொடுத்தான். மீதி எண்ணூற்று அறுபத்தைந்து. வேனுக்கு அறுநூறு போக, மூன்று பேருக்குப் பரோட்டாவுக்கு இருந்தது.

சாமான் ஏற்றும்போது பழக்கத்தில் நானும் அவனும் இருபுறமும் பிடித்தோம். இளம் பையன்கள் "நவுருங்க தாத்தா, நாங்க பாத்துக்கறோம்," என்று எங்களை விலக்கினார்கள். ஓரமாக நின்றோம். தானியேல் அந்தத் துண்டுச் சீட்டை நாலாக மடித்து என் சட்டைப் பையில், மாத்திரைக் கவர் இருந்த இடத்தில், செருகினான்.

"தகரப் பெட்டில வை," என்றான். "அப்புறம் மாணிக்கம், நீயும் இப்ப பொய்யா படிச்சிட்ட. வர்ற ஞாயித்துக்கிழம சர்ச்சுக்கு வந்து என் பக்கத்துல உக்காரு."

"நான் எழுதியிருந்ததத்தான்டா படிச்சேன்."

"அப்ப எழுதுனவளையும் கூட்டினு வா," என்றான். வேன் கிளம்பும் வரைக்கும் சிரித்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து தகரப் பெட்டியைத் திறந்தேன். பழைய சீட்டின் பக்கத்தில் புதுச் சீட்டை வைத்தேன். அடுப்படியில் சிவப்பு ஃப்ரிட்ஜ் ஒருமுறை குலுங்கி ஓடத் தொடங்கியது.